ஐ.சி.யில் இல்லாத அக்கா

ஒரு பெண்மணியிடமே போய், அவரைத்தான் கேட்கிறோம் என்று தெரியாமல், அவரைப் பற்றி விசாரித்திருக்கிறேன். "அந்தம்மா எப்படி, வேலையெல்லாம் ஒழுங்கா செய்வாங்களா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நம்பி மேலிடத்தில் அப்படியே ஒப்புவித்தும் விட்டேன். இத்தனைக்கும் அவரும் நானும் ஒரே தொழிற்சாலையில், ஒரே கேண்டீனில், பதினெட்டு ஆண்டுகளாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள். என் வேலை எச்.ஆர். ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே.

முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. பங்கு கேட்டு யாரும் வரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நான் செய்த காரியத்துக்கு வருத்தம் தெரிவித்தால் நன்றாக இருக்கும் என்று அலுவலகத்தில் சிலர் இன்றுவரை ஜாடைமாடையாகச் சொல்லிவருகிறார்கள். தெரிவிப்பதாக இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில், செம்பனை மரங்கள் முடிந்து லோரிகள் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. உணவு அடைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களும் அவற்றுக்கு மூடிகளும் செய்கிறோம். மூடி டப்பாவில் சரியாக உட்காராமல் போகும்போதெல்லாம் தலைமையகம் மேலாளரை மாற்றும். மூடி மாறாது. அப்படி வந்தவர்தான் ஹாலந்துக்காரர்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் எதிர்ப்புக்கு மதிப்பில்லை. கெட்டவனை எதிர்ப்பதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை. இவர் எங்கள் கதவுகளுக்குள் குனிந்து வருமளவு உயரம். கேண்டீனில் எங்களோடு வரிசையில் நின்று நாசி லெமாக் வாங்கிச் சாப்பிடுவார். வந்த வாரமே எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "இங்கே யாரும் யாருக்கும் பாஸ் இல்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கும் இடத்தில் உண்மையைச் சொல்லவும் தயங்குவார்கள்."

முதலில் கைதட்டியவன் நான். தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்களை வரிசையாகப் படித்து வைத்திருக்கும் எவனுக்கும் அந்த வாக்கியத்தைக் கேட்டால் கை தானாக எழும்பும். அந்தப் புத்தகங்களில் ஆசியர்கள் ஒரு தனி அத்தியாயமாக வருவார்கள். மூத்தவர் முன் வாய் திறக்க மாட்டார்கள், முடியாது என்று சொல்ல மாட்டார்கள், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே நீண்ட தூரம் வைத்துக்கொள்வார்கள். படிக்கும்போது, அட, நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்று பெருமையாகக்கூட இருக்கும்.

என் கைதட்டலைக் கவனித்த மேலாளர் என்னைக் 'கலாசாரத் தூதர்' ஆக்கினார். மஞ்சள் நிறத்தில் ஒரு பேட்ஜ். அதைக் குத்திக்கொண்டு பட்டறையில் திரை கட்டிப் படம் போட்டு உரை நிகழ்த்தினேன். ஒரு படத்தில் 'அண்ணே, அக்கா, அபாங், காக், அங்கிள்' என்று தமிழ், மலாய் முறைச்சொற்களையெல்லாம் எழுதி, குறுக்கே சிவப்புக் கோடு அடித்திருந்தேன். கோடு கொஞ்சம் தடிமனாகவே விழுந்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். மலாய்க்காரர் சீனரை அங்கிள் என்பார், சீனர் தமிழனை அண்ணே என்பார். நேப்பாளத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர் விமானம் விட்டிறங்கிய வாரமே பேக்கிங் பிரிவின் தலைவியை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அது தமிழ்ச் சொல் என்று அவருக்குத் தெரியாது, பதவியின் பெயர் என்று நினைத்துக்கொள்வார். பாதி சரிதான். அண்ணன் தங்கை உறவெல்லாம் பேச்சில்தான். ஓவர்டைம் பங்கு போடும்போது பார்த்தால் தெரியும்.

உரை முடிந்த மறுநாளிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. யாரும் யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். மேலாளரிடம் பேச வேண்டுமானால் அவர் கண்ணில் படும்படி போய் நின்று தொண்டையைச் செருமினார்கள். மெக்கானிக் செருமினார், கணக்கர் செருமினார், காவலாளி கேட்டில் செருமினார். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மைத்துனனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் தினமும் பாலம் கடந்து போய் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவன். "அங்க இங்கிலீஷ்ல கூப்பிடறேன், மாமா. இங்கிலீஷ்ல யாரும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது இல்ல" என்றான்.

இரண்டு வாரம் செருமலைக் கேட்ட மேலாளர் கவலைப்பட்டு, பிளாஸ்டிக் தூசியோ என்னவோ என்று, காற்றைச் சோதிக்க ஒரு கம்பெனியை வரவழைத்தார். காற்று சுத்தமாக இருந்தது. எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார். கவசத்துக்குள்ளிருந்து செருமினார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "பேக்கிங்கில் ஒரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றி அங்கே இருப்பவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பெயரைச் சொன்னார். ஐ.சி. என்னும் அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துகளை ஹாலந்து வாயில் போட்டு மென்று வெளியே வந்த பெயர். எனக்கு அது யாரென்று விளங்கவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புரிந்தாற்போலத் தலையாட்டினேன். முந்தின மாதம்தான், மேலிருப்பவரிடம் 'புரியவில்லை' என்று சொல்லும் தைரியம் வேண்டும் என்று படம் போட்டுப் பேசியிருந்தேன். பேட்ஜ் நெஞ்சில் இருந்தது.

புதிதாகச் சேர்ந்த யாரோ என்று முடிவு கட்டிக்கொண்டு பேக்கிங்குக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "அப்படி ஆளே இல்ல லா" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நேப்பாளத்துக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் எல்லாம் தெரிந்தவரிடமே கேட்டுவிடுவோம் என்று அக்காவிடம் போனேன். பேக்கிங்கின் தலைவி. அட்டைப்பெட்டியின் மேல் தன் தங்கை செய்த முறுக்குப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்காதவர்களுக்கு அன்றைக்குக் கனமான பெட்டி விழும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் எப்போதும் வாங்கிவிடுவேன்.

பெயரைச் சொன்னேன். மேலாளர் சொன்ன மாதிரியே, ராகம் மாறாமல்.

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அவளா?" என்றார்.

"தெரியுமாக்கா?" சட்டம் போட்டவனே அதை மறந்திருந்தேன்.

"தெரியாம என்னா. சரியான சோம்பேறி. வாய் மட்டும் இங்கேருந்து குளுவாங் வரைக்கும் நீளும். ஆள் பாத்து வேலை குடுப்பா. தூக்கிக் கடாசுங்க தம்பி, இந்த இடம் உருப்படும்."

நேராகப் போய் மேலாளரிடம் சொன்னேன். அங்கே யாருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. தெரிந்த ஒருவர், பிரிவிலேயே அதிக அனுபவம் உள்ளவர், இப்படி இப்படிச் சொல்கிறார். 'அக்கா சொன்னார்' என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லைத்தான் தடைசெய்திருந்தோமே.

மேலாளர் என் கையைக் குலுக்கினார். "இவ்வளவு வெளிப்படையான பேச்சை இங்கே வந்து இப்போதுதான் கேட்கிறேன்" என்றார். "அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன். டிப்ளோமா முடித்த ஒருவர் தயாராக இருக்கிறார். நானே நேரில் சொல்கிறேன், அதுதான் மரியாதை. கூப்பிடுங்கள்."

எந்தப் பொறுப்பு என்று அப்போதும் கேட்கவில்லை. பெயரை உச்சரிக்கும் வம்பு வேண்டாமென்று மேலாளரின் கணினித் திரையில் இருந்த ஊழியர் எண்ணைப் பார்த்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றார்.

"நீங்க ஏன்க்கா வந்தீங்க? கூப்பிட்டது வேற ஆள."

"நம்பரு என்னோடது தம்பி."

எண்ணைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன். மறுபடியும் எண்ணைப் பார்த்தேன்.

மேலாளர் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, என் பக்கம் திரும்பி, "நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் அவர் மொழியில் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது" என்றார். பிறகு அவர்கள் நாட்டு வழக்கப்படி நேரடியாக ஆரம்பித்தார். "உங்கள் குழுவில் யாருக்கும் உங்களைத் தெரியவில்லை. உங்களை அறிந்த ஒரே ஆள் உங்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. இனி பேக்கிங்குக்கு நீங்கள் தலைவி இல்லை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மேலதிகாரியிடம் அதுவரை 'முடியாது' என்று சொன்னதில்லை. 'பார்க்கலாம்', 'முயற்சி செய்யலாம்', 'நல்ல யோசனைதான், ஆனாலும்' என்று அதற்கு நான் வைத்திருக்கும் பெயர்கள் நிறைய. அன்றைக்கு அவை எதுவும் வாய்க்கு வரவில்லை. "கேனாட் லா, பாஸ்" என்றேன். 'பாஸ்' கூடாது என்பது சட்டம். எங்கள் ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வுக்குத் தனிச் சட்டம் இல்லை, ஆனாலும் ஆங்கிலத்தை ஒழுங்காகப் பேசச் சொல்லி நானே படம் போட்டிருந்தேன்.

"ஏன் முடியாது?"

"இதை நான் மொழிபெயர்க்க மாட்டேன். தப்பு என்மேல. நான் விசாரிச்சதே தப்பு."

"என்னா தம்பி சொல்றாரு?" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா உங்க மூஞ்சி ஏன் கெட்டுப்போன பாலு மாதிரி இருக்கு?" என்றவர் மேலாளரிடம் திரும்பி, திருத்தமான ஆங்கிலத்தில், தனக்கு இங்கிலீஷ் தெரியும், தன்னைத் தலைவி வேலையிலிருந்து எடுக்கப்போவதும் புரிந்தது என்றார். என் வாழ்நாளின் முதல் மறுப்பு இப்படி யாருக்கும் பயன்படாமல் அறையில் தனியாக நின்றது.

பிறகு அக்கா தமிழில் என்மேல் பாய்ந்தார். "இப்பத்தான் வந்து ஒரு பேரு சொன்னீங்களே, என்னையக் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன். சரி, நாமளும் திருப்பி விடுவோம்னு விட்டேன். அத நெசம்னு போய்ச் சொல்லிட்டீங்களா? அலமாக்! அது என் பேரே இல்ல தம்பி. காஹாங் பக்கத்துல எங்க எஸ்டேட்டுல கணக்கெழுதற கிராணி, நான் பொறந்தப்ப எங்கப்பா சொன்ன பேரு காதுல விழாம ஏதோ எழுதிட்டாரு. இமிகிரேஷன் கவுண்டர்ல தவிர அந்தப் பேர ஒருத்தனும் கூப்பிட்டதில்ல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

இதை மட்டும் மொழிபெயர்த்தேன், என் கிறுக்குத்தனத்தையும் ஒன்று விடாமல் சேர்த்து. மேலாளர் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் பழையபடி ஆனது.

"அப்படியானால் நிலைமை இன்னும் மோசம்" என்றார். "இத்தனை காலம் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்கத் துணியவில்லை. அக்கா என்றால் மூத்தவர். மூத்தவர் தப்புச் செய்தால் யார் சொல்வது? இது பாசம் இல்லை, பயம். உங்கள் படத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தீர்கள்."

உண்மை. அப்படித்தான் போட்டிருந்தேன்.

அக்காவிடம் பதில் இருந்தது. "கீழ வாங்க பாஸ்" என்றார்.

பட்டறைக்குப் போனோம். அங்கே ஏற்பாடாக எதுவும் நடக்கவில்லை, வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. அக்கா எங்களை நிறுத்திவிட்டு, பெரிய டப்பாக்கள் இருந்த அடுக்கைக் காட்டி, மேலே சின்னதை ஏற்றச் சொன்னார். மீசைவைத்த அந்த நேப்பாளத்துக்காரர், மூன்று குழந்தைகளின் தகப்பன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்து, "அக்காஆஆ..." என்றார். மேலே போய்க் கீழே இறங்கும் ஓர் இழுப்பு. அவ்வளவுதான். சட்டத்தை மறந்துவிட்டார். அக்கா அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். "அட ஆமா. இரு, இரு. அது சிங்கப்பூர் லோரிக்கு. பிரிச்சுடு" என்றார்.

"இப்போது என்ன நடந்தது?" என்றார் மேலாளர்.

"நீங்க சொல்றது தப்பு, முன்னாடி நீங்களே சொன்னதை மறந்துட்டீங்க, இதை ஏத்தினா லோரி திரும்பி வரும், அப்புறம் என்னைத் திட்டாதீங்கன்னு சொன்னார்."

"ஒரே சொல்தானே சொன்னார்."

"அந்த ஒரே சொல்லுக்குள்ளதான் பாஸ் எல்லாம் இருக்கு."

பிறகு விளக்கினேன். இந்த விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. குறுக்கி 'அக்கா' என்றால் சரி, செய்கிறேன். இழுத்தால் தப்பு, யோசியுங்கள். 'அக்கோவ்' என்றால் என் பொறுமை முடிந்தது. 'அக்கா லா' என்றால் முடியவே முடியாது. பெயரை வைத்துக்கொண்டு இதில் ஒன்றையும் செய்ய முடியாது. பெயரை இழுத்தால் அவமரியாதை, குறுக்கினால் அதிகாரம். உறவைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அதற்குள்ளே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். நாங்கள் வாய் மூடிக்கிடப்பவர்கள் என்று எழுதியவர்கள் எங்கள் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் காது வலித்திருக்கும்.

மேலாளர் தாடையைத் தடவிக்கொண்டார். அக்காவை இப்போதைக்கு மாற்றுவதில்லை என்று அன்று மாலை சொன்னார். 'இப்போதைக்கு' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, நாளைக் காலைக் கூட்டத்தில் அவருடைய ஐ.சி. பெயரைச் சரியாக உச்சரிக்க எல்லோருக்கும் நான் கற்றுத்தர வேண்டும், மரியாதையைச் சரியான பெயரிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். இதுவும் நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு இவ்வளவு தூரம் தப்பாகப் போகிறவரை நான் வேறு பார்த்ததில்லை, என்னைத் தவிர.

காலையில் பட்டறையில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மேலாளர் தலையசைத்தார். நான் முன்னால் போய் மஞ்சள் பேட்ஜைக் கழற்றினேன். ஊசி சட்டையில் மாட்டிக்கொண்டது. வீரமாகச் செய்ய வேண்டிய காரியத்தைக் குனிந்து நின்று, கொஞ்சம் துணி கிழித்து, செய்துமுடித்தேன்.

"பாஸ், இந்தாங்க" என்றேன்.

"என் பெயர்..." என்று ஆரம்பித்தார்.

"உங்க பெயர் எனக்கு நல்லாத் தெரியும் பாஸ். சொல்ல மாட்டேன். அக்கா பெயரையும் சொல்லித்தர மாட்டேன், அது ஒரு கிராணியோட எழுத்துப்பிழை. இவங்களை யாரும் பயந்து அக்கான்னு கூப்பிடல. அக்கான்னு கூப்பிட்டாத்தான் இவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல முடியும். அதைத் தடுத்தா இங்க யாரும் எதுவும் பேச மாட்டாங்க. பேசாம இருக்கிற குழுவுக்கு யாரைத் தலைவராப் போட்டாலும் வேலைக்காகாது. அக்காவை எடுக்கிறதா இருந்தா, வேலை சரியில்லன்னு எடுங்க. பெயர் தெரியலன்னு எடுக்காதீங்க. அப்படி எடுத்தா என்னையும் சேர்த்து எடுத்துடுங்க."

கடைசி வாக்கியம் நான் தயாரித்துவந்தது இல்லை. வீட்டுக் கடன் ஞாபகம் வருவதற்குள் வெளியே வந்துவிட்டது.

எனக்கு ஆதரவாக யாராவது ஒரு சொல் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அப்போது மீசைக்காரர் செருமினார். அவருக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மெக்கானிக் அங்கிள். பிறகு வட்டம் முழுக்க, முகக்கவசங்களுக்குள்ளிருந்து, பிளாஸ்டிக் உருக்கும் இயந்திரத்தை அமுக்கிக்கொண்டு ஒரு பெரிய செருமல் எழுந்தது.

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மெதுவாக விடிந்தது. "இது தூசி இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல பாஸ். இப்படித்தான் உங்களைக் கூப்பிடறாங்க."

அவர் பேட்ஜைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, எங்கள் எல்லோரையும்விட நீளமாக, தப்பான இடத்தில் இழுத்து, "அக்க்கா" என்றார். "இன்றைக்குச் சிங்கப்பூர் லோரி எத்தனை மணிக்கு?"

சட்டத்தை ரத்து செய்ததாக யாரும் அறிவிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை, அவ்வளவுதான். அக்கா தலைவியாகவே இருக்கிறார், 'இப்போதைக்கு' என்ற சொல் இல்லாமல். டிப்ளோமாக்காரர் அவருக்கு உதவியாளராக வந்து, வந்த இரண்டாம் நாளே இழுக்கக் கற்றுக்கொண்டார். கலாசாரத் தூதர் பதவி காலியாகக் கிடக்கிறது. ஆண்டு மதிப்பீட்டில் எனக்கு 'ஒத்துழைப்பு' என்ற இடத்தில் ஏதோ குறைந்திருக்கிறது. வருத்தம் தெரிவித்தால் சரியாகும் என்கிறார்கள். குறைந்தே இருக்கட்டும்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம், கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி எதிர்பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக வானத்தைப் பார்த்தபடி, "பரவால்லக்கா, நியாயத்துக்காகத்தானே பேசினேன்" என்றேன்.

அக்கா ஒரு முறுக்குப் பொட்டலத்தை என் கையில் வைத்து, பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அதெல்லாம் சரி தம்பி. ஆனா அவளப் பத்தி நேத்து நான் சொன்னது எல்லாம் நெசம்தான். நீங்கதான் சரியா விசாரிக்காம காப்பாத்திட்டீங்க."